பெருக்கல் குறி போட்ட பாதை

ஆமாம், தமிழ்தான். தூத்துக்குடிக்காரன். உட்காரும்.

"ஐயா, நீங்கதானே" என்று என்னத்தையோ ஆரம்பித்தீர். நான்தான். யாரைத் தேடினாலும் இங்கே நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். முதலில் உட்காரும். மூச்சு வாங்குகிறது உமக்கு. இந்த மலையில் ஏறி இறங்குகிறவன் எல்லாம் இப்படித்தான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறான். கேட்டால் பொழுதுபோக்காம். பழைய கோட்டை, பழைய பாலம், பழைய கோயில். போர்ச்சுக்கல்காரனுக்கு வேறு வேலை இல்லை.

தண்ணீர் வைத்திருக்கிறீரா? கொடும். போதும். காலையில் மகள் வீட்டில் குடித்த காப்பி, பிறகு ஒரு கிழவி கொடுத்த தண்ணீர், இப்போது உம்முடையது. அவ்வளவுதான் இன்றைக்கு வயிற்றில் இறங்கியது.

சுருக்கமாகச் சொல்கிறேன். என் பெண்டாட்டி தொலைந்துவிட்டாள்.

இரும். எழுந்திரிக்காதேயும். என்னவோ சொல்ல வாயெடுக்கிறீர், பிறகு சொல்லும். நான் பதறுகிறேனா பாரும். முப்பது வருஷம் தோணியில் தண்டலாக இருந்தவன். தண்டல் என்றால் உமக்குத் தெரிந்திருக்காது. தோணியில் அவன் சொன்னதுதான் சட்டம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போய்த் திரும்பியிருக்கிறேன். ஒருநாளும் வழி தப்பினது கிடையாது. பதறினால் கடலில் பிழைக்க முடியாது.

போன் செய்யலாமே என்கிறீர். போன் அவள் பையில். பை அவள் முதுகில்.

நம்பரா? அவள் நம்பர் எனக்கு எதற்கு? அவள்தான் எப்போதும் கூடவே இருக்கிறாளே.

மகள் நம்பரும் அந்தப் போனில்தான். விடும்.

எல்லாம் அந்தச் சப்பாத்தால் வந்தது. எங்கள் மகள் ஜெனோவா இங்கே கொயிம்ப்ரா பட்டணத்தில் இருக்கிறாள், புருஷனும் அங்கேதான். மூன்று மாதம் வந்து இருங்கள் என்று டிக்கெட் அனுப்பினாள். வந்தோம். வந்த வாரமே தாய்க்கு ஒரு சப்பாத்து, அதான் ஷூ, வாங்கிக் கொடுத்தாள். ரப்பர் அடி, மெத்தை மாதிரி. சேலைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்து. "எப்படி இருக்கு?" என்று கேட்டாள் இவள். "வாத்து மாதிரி இருக்கு" என்றேன். ஊரில் இப்படிச் சொன்னால் கழற்றி மூலையில் போட்டிருப்பாள். இங்கே சிரித்துக்கொண்டு இன்னொரு முடிச்சு இறுக்கிக் கட்டினாள்.

அதிலிருந்து பிடித்தது. காலையில் எழுந்தால் ஆளைக் காணோம். சந்தைக்குப் போயிருக்கிறாளாம். மொழி தெரியாமல் என்ன வாங்குவாய் என்று கேட்டால், பையை விரித்துக் காட்டுகிறாள், மத்தி மீன். கண் பளபளவென்று இருக்கிறது. நான் வாங்கியிருந்தாலும் அப்படித்தான் வாங்கியிருப்பேன், அது வேறு விஷயம். பக்கத்து வீட்டில் அமேலியா என்று ஒரு பெண்பிள்ளை. விதவை. இவள் தமிழில் பேசுவாள், அவள் அவள் பாஷையில் பேசுவாள். மணிக்கணக்காக. ஒருநாள் பூட்டைத் திறக்கும்போது அவள் 'சாவே' என்றாளாம். நம்ம சாவிதான் அது என்று இவளுக்கு ஒருநாள் முழுக்கச் சிரிப்பு. "அப்ப சன்னலு, அலமாரி எல்லாம் இவங்க சொல்லுதானாங்க" என்று என்னிடம் வந்து கேட்டாள். அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றேன். எனக்குத் தெரியாது. இருந்தாலும் சொன்னேன்.

வாரம் தவறாமல் அந்த அமேலியாவோடு மலைக்கு நடை. நான் போகவில்லை. முழங்கால். வீட்டில் சன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் வருவாள், கன்னமெல்லாம் சிவந்து. செஸ்ட்நட்டாம், முள்ளுக்காய்க்குள் இருக்கிற கொட்டை, மடி நிறையப் பொறுக்கிக்கொண்டு வருவாள். வயசு அறுபத்தாறு.

அடுத்த வாரம் எங்களுக்கு விமானம். இன்றைக்கு அமேலியாவுக்குச் சளி. மகளுக்கும் மருமகனுக்கும் வேலை. "கோட்டைய நீங்க பாக்கவே இல்லையே, ஒருநாள் என்கூட வாங்க" என்றாள். சரி, ஒரே ஒரு நாள், வந்து தொலைக்கிறேன் என்று கிளம்பினேன். கோட்டைக்குப் பின்பக்கம் இந்த மாதா கோயில். கோயிலில் ஒரு செபம் சொன்னால் போன காரியம் வீணில்லை. அதற்காகத்தான் வந்தேன், கோட்டைக்காக இல்லை.

பஸ்ஸில் வரும்போது சொல்கிறாள். சன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள், என்னைப் பார்க்கவில்லை. "நீங்க முன்னால ஊருக்குப் போங்க. நான் ரெண்டு மாசம் இருந்துட்டு வாறேன்."

"தனியாவா?"

"பிளேன்ல எல்லாரும் தனித்தனியாத்தான் உக்காந்திருக்காவ."

அது பதில் சொல்கிற பேச்சு இல்லை. சமையல் யார் செய்வது, மாத்திரை எடுத்துத் தருவது யார், பூட்டின வீட்டைத் திறந்தால் எந்தச் சாவி எதற்கு என்று எனக்கு என்ன தெரியும்? அதை நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். கொஞ்ச தூரம் போனதும் இந்த வழிக்குறிகளைப் பற்றி ஆரம்பித்தாள். கல்லிலும் மரத்திலும் சிவப்பும் மஞ்சளுமாக ரெண்டு கோடு போட்டிருக்கும், அதைப் பார்த்துப் போனால் சரியான வழியாம். பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாதாம். "எனக்கு நீ வழி சொல்லித் தாறியாட்டி?" என்றேன்.

இரும், நான் முடித்துவிடுகிறேன். பையை ஏன் திறக்கிறீர்? எனக்குப் பிஸ்கட் எல்லாம் வேண்டாம்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். நான் முன்னால், அவள் பின்னால். எங்கள் வழக்கம் அது. கல்யாணம் முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்ததிலிருந்து நான் முன்னால், அவள் நாலு எட்டுப் பின்னால். திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. ரப்பர் செருப்பு குதிகாலில் அடிக்கிற சத்தம் ஒன்று. இடுப்பில் சாவிக்கொத்து, அது ஒன்று. அந்த ரெண்டும் கேட்டால் ஆள் இருக்கிறாள். இன்ஜின் சத்தத்தில் என் இடது காது போய்விட்டது, வலது காதிலும் பாதிதான். அந்தப் பாதிக் காதுக்கும் அது கேட்கும்.

கொஞ்ச தூரத்தில் வழி ரெண்டாகப் பிரிந்தது. ஒன்று மேலே, செங்குத்து. ஒன்று ஆற்றோரமாக, தரை மாதிரி. கீழ்ப் பாதையில் ஒரு கல்லில் பெருக்கல் குறி. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லவில்லை. சுவரில் எவனெவனோ என்னென்னவோ கிறுக்கி வைக்கிறான், எல்லாவற்றையும் படித்துக்கொண்டா போகிறோம்? கோட்டைக்கு மேல்வழியாம். அவள் அந்த முக்கில் நின்றாள். "கோட்டை இந்தப் பக்கம்" என்றாள். "முழங்கால் கெடக்குற கெடையில கோட்டை ஒரு கேடா, வா" என்று சொல்லிவிட்டு நான் ஆற்றுப் பக்கம் நடந்தேன். வந்துவிடுவாள். எப்போதும் வந்திருக்கிறாள்.

பின்னால் "ஏங்க" என்று ஒரு சத்தம் கேட்டது மாதிரி இருந்தது. குருவியாகவும் இருக்கலாம். முதல் தடவை கூப்பிட்டதற்கெல்லாம் நான் திரும்புகிறவன் இல்லை. ரெண்டாவது கூப்பிட்டால் பார்ப்போம் என்று போனேன். கூப்பிடவில்லை.

செபமாலையை எடுத்தேன். எங்கள் பக்கம் திருத்தலத்துக்கு நடந்து போனால் அப்படித்தான். முன்னால் போகிறவன் 'அருள் நிறைந்த மரியே' என்று முதல் பாதியைச் சத்தமாகச் சொல்வான். பின்னால் வருகிறவர்கள் மறுபாதியைச் சொல்வார்கள். அவள் சொல்வது எனக்குக் கேட்காது, சன்னக் குரல். நான் அவள் பங்குக்கு ஒரு நடை நின்று, மூச்சு விட்டு, அடுத்த மணியைப் பிடிப்பேன். நாற்பத்திரண்டு வருஷமாக அப்படித்தான். இன்றைக்கும் அப்படித்தான். சொன்னேன், நின்றேன், நடந்தேன். மாலையில் பத்துப் பத்து மணியாக, அவளுடைய தாய்க்கு ஒரு பத்து, மகளுக்கு ஒரு பத்து, விமானத்துக்கு ஒரு பத்து. நடுவில் பேசவும் பேசினேன். ரெண்டு மாசமெல்லாம் சரிப்படாது, ஊரில் வீடு பூட்டிக்கிடக்கிறது, உப்புக் காற்றுக்குக் கதவெல்லாம் இறுகிப் போகும் என்று விவரமாக எடுத்துச் சொன்னேன். எதிர்த்து ஒரு வார்த்தை வரவில்லை. பரவாயில்லை, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

கடைசி மணி முடிந்து சிலுவை போட்டுவிட்டு, "தண்ணியக் குடு" என்று கையைப் பின்னால் நீட்டினேன்.

நீட்டின கை அப்படியே இருக்கிறது. ஒன்றும் வரவில்லை. திரும்பினேன்.

மரம். கல். ஆறு.

எவ்வளவு தூரமாக இல்லையோ, யார் கண்டது? சப்பாத்துக்குத்தான் சத்தம் கிடையாதே. சாவிக்கொத்தும் ஊரில் இருக்கிறது. மகள் வீட்டுக்கு நம்பர் அமுக்கினால் கதவு திறக்கிறது, சாவி எதற்கு?

கூப்பிட்டேன். "ஏட்டி!" என்றேன். அந்த மலை அதையே திருப்பிச் சொன்னது. "இன்னாசி!" என்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷமாயிற்று தெரியவில்லை, என் வாய்க்கே புதிதாக இருந்தது. பாவம், அவளுக்குத் திக்குத் தெரியாது. ஊரில் கோயிலுக்கும் கடைக்கும் அப்பால் தனியாகப் போனதில்லை. சந்தைக்குப் போனாளே என்றால், அது சந்தை. அமேலியாவோடு வந்தாளே என்றால், அது அமேலியா. இது காடு. எங்காவது உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள் என்று வேகமாக நடந்தேன்.

திரும்பி அல்ல, முன்னால்தான். வந்த வழியே திரும்புவது எனக்குப் பழக்கமில்லை.

பாதை கொஞ்சம் போய் நின்றுவிட்டது. பாலம் இருந்த இடத்தில் ரெண்டு பக்கமும் கல் மட்டும் நிற்கிறது. நடுவில் ஆறு. அதற்காகத்தான் பெருக்கல் குறி போட்டிருப்பான் போல. போட்டவன் பாலம் இல்லை என்று எழுதித் தொலைக்க வேண்டியதுதானே? பக்கத்தில் ஒரு மேட்டில் ஏறினேன், முள். அப்பால் ஒரு தோட்டம். ரெண்டு நாய். போ என்றேன், சனியனே என்றேன், அதுகளுக்குத் தமிழ் ஏறவில்லை. கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு கிழவி வெளியே வந்தாள். என் பெண்டாட்டியைக் காணோம் என்று கையைக் காட்டிச் சொன்னேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, தண்ணீர் கொடுத்தாள். பெயரைக் கேட்டாள், அது எனக்குப் புரிந்தது. "மோத்தா" என்றேன். சந்தோஷத்தில் கை தட்டினாள். அவளும் மோத்தாவாம். எந்தக் காலத்திலோ இவர்கள் ஆட்கள் எங்கள் கரைக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். சொந்தக்காரன் கடைசியில் வந்து சேர்ந்தான் என்று நினைத்தாளோ என்னவோ, கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டாள். இந்த வயசில். நாய்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

என் கையில் செபமாலையைப் பார்த்தாள். "ஆ" என்றாள். டிராக்டரை எடுத்தாள். வேறு பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து இந்தக் கோயில் வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டாள். அப்போதிலிருந்து இந்தப் பெஞ்சு. கோயில் பூட்டியிருக்கிறது.

இப்போது சொல்லும், தொலைந்தது யார்? நான் வந்து சேர்ந்துவிட்டேன். அவளைத்தான் காணோம்.

பசிக்கிறது. அவளுக்கும் பசிக்கும். இல்லை, அவளுக்குப் பசிக்காது. சோறு அவள் பையில்தான்.

நான் கோபமாக இல்லை தம்பி. களைத்துவிட்டேன். ஒரு ஆள் பின்னால் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் பேசியிருக்கிறேன். பஸ்ஸில் சொன்னாளே, நீங்க முன்னால போங்க என்று. இதைத்தான் சொன்னாளோ? விமானத்தில் போய், கதவைத் திறந்து, தண்ணியக் குடு என்று கையை நீட்டினால்...

சரி. சொல்லும். வந்ததிலிருந்து துடிக்கிறீரே. என்ன அது?

பையில் என்ன?

இரும். இது எங்கள் டப்பா.

மூடியில் பெயர் வெட்டியிருக்கிறது பாரும். க. மோத்தா. எங்கள் கல்யாணத்துக்கு வந்த பாத்திரம். இது உம்மிடம் எப்படி வந்தது?

கோட்டையிலா? மேலேயா? சேலை கட்டிக்கொண்டு, வெள்ளைச் சப்பாத்து, ஆமாம், அவளேதான். நன்றாக இருக்கிறாளா? விழுந்து கிழுந்து வைக்கவில்லையே? பிறகு ஏன் ஐயா இவ்வளவு நேரம் சொல்லவில்லை? என்னை இவ்வளவு பேசவிட்டு...

ம். சரி. நான் விடவில்லை. சரி.

என்ன சொன்னாள்? அப்படியே சொல்லும். நீர் சேர்க்காதேயும், குறைக்காதேயும்.

"கீழ மாதா கோயில் வாசல்ல ஒரு மனுசன் கோவமா உக்காந்திருப்பாவ. இதக் குடுத்துருங்க." நான் கோயிலில் இருப்பேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"கையில செபமால இருக்கு. வழி தெரியாம நின்னாலும் பாக்கிறவங்க கோயில்லதான் கொண்டுவந்து விடுவாங்க." அப்படியா சொன்னாள்? சிரித்துக்கொண்டா சொன்னாள்?

சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பாள்.

டப்பாவில் பாதிதான் இருக்கிறதே. புளிச்சோறும் மாசிக் கருவாட்டுத் துவையலும். அவள் பங்கை எடுத்துக்கொண்டாளா? சாப்பிட்டுவிட்டாளா? எனக்கு முன்னாலேயா?

இல்லை, ஒன்றுமில்லை. சாப்பிடட்டும். ஏறினவளுக்குப் பசிக்காதா? நாற்பத்திரண்டு வருஷத்தில் இது முதல் தடவை, அதனால் கேட்டேன்.

போட்டோவா? காட்டும். கண்ணாடி இல்லை, கொஞ்சம் தள்ளிப் பிடியும். கோட்டைச் சுவரில் ஏறி நிற்கிறாள். யார் ஏற்றிவிட்டது? அவளேயா? பல் தெரிகிறதே. போட்டோவுக்கு இவள் பல்லைக் காட்டினதே கிடையாது. கல்யாணப் படத்தில் பார்த்தால் யாரோ செத்த மாதிரி நிற்பாள்.

இன்னும் என்ன? சொல்லும், பாதியில் நிறுத்தாதேயும்.

நீர் போனபோது சுவரில் சாய்ந்து கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு நின்றாளா? கொஞ்சம் சொல்வாள், நிற்பாள், சொல்வாளா? தமிழ் காதில் விழுந்து நீர் பக்கத்தில் போனீரா? போய்?

"இருங்க தம்பி" என்று கையைக் காட்டி உம்மை நிறுத்திவிட்டு, முடித்த பிறகுதான் பேசினாளா?

என்ன சொன்னாள்? திரும்பச் சொல்லும். இந்தப் பக்கம் வாரும், இந்தக் காது.

"கீழ எங்க வீட்டுக்காரரு முதல் பாதியச் சொல்லிட்டுப் போறாவ. அவுக நிக்கிறது இங்கயிருந்து தெரியுது. மறுபாதிய நான்தான சொல்லணும்."

ம்.

அந்தச் சுவர் எவ்வளவு உயரம் இருக்கும்? ஆள் தெரியுமா அங்கிருந்து? வெள்ளைச் சட்டை தெரியும். சரிதான்.

கடைசிப் பத்துக்கு நான் மரத்துக்குள் போய்விட்டேனே. அடர்த்தியான மரம். அப்போது எப்படிச் சொன்னாள்? அதையும் கேட்டீரா?

"அவுக எங்க மூச்சு விடுவாவன்னு எனக்குத் தெரியாதா?"

...

ஒன்றுமில்லை. காற்று. இந்த ஊர்க் காற்று கண்ணில் படுகிறது.

அதோ, உம்முடைய பஸ் வருகிறது. ஓடும். நான் வரவில்லை. அவள் எப்போது வருவேன் என்றாள்? "கோட்டைய முழுசாச் சுத்திப் பாத்துட்டுத்தான் வருவேன். அவசரம்னா அவுகளப் போகச் சொல்லுங்க." சொல்லியிருப்பாள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

அவளிடம் ஒன்று கேட்க வேண்டும். ரெண்டு மாசம் போதுமா என்று. இல்லை, அப்படிக் கேட்டால் சரியாக வராது. வரட்டும், யோசித்து வைக்கிறேன். எப்படிக் கேட்பது என்று பழக்கமில்லை.

டிரைவர் ஹார்ன் அடிக்கிறான் பாரும். என்ன சொல்கிறான்? இதுதான் கடைசி பஸ்ஸா? இருக்கட்டும். நீர் ஏறும். அடுத்தது உண்டா, இல்லையென்றால் எந்த வழியில் நடக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.